வைரத்தைக் கடைசியில் பாருங்கள்: மெட்டா பகுப்பாய்வை எடைபோடும் முறை

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் ஒரு நண்பரின் வீட்டு முன்னறையில், மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கிறோம். முதுநிலை மருத்துவம் படிக்கும் மூவர், செவிலியர் ஒருவர், மருந்து விற்பனைத் துறையில் இருப்பவர் ஒருவர், புள்ளியியல் படித்த நான், இடையிடையே வந்து சேரும் ஓரிருவர் என்று எல்லோரும் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்காக வடக்கே வந்தவர்கள் என்பதால், கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தாலும் வாதம் தமிழில்தான் நடக்கும். அங்கே புதிதாக வரும் எவரும் முதல் மாதத்திலேயே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: “அக்கா, மெட்டா அனாலிசிஸே சொல்லிவிட்டதே, இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?” அந்தக் கேள்விக்கு நான் பல ஞாயிறுகளில் துண்டு துண்டாகச் சொன்ன பதிலைத்தான் இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மெட்டா பகுப்பாய்வு என்பது ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளின் முடிவுகளை எடையிட்டு ஒன்றுசேர்த்து ஒரே மதிப்பீட்டைத் தரும் கணக்கு. அந்தப் பெயரை 1976-இல் ஜீன் கிளாஸ் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் வைத்தார் என்றாலும், வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது; இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த பிரிட்டிஷ் படைவீரர்களுக்குப் போடப்பட்ட டைஃபாய்டு தடுப்பூசியின் விவரங்களைக் கார்ல் பியர்சன் 1904-லேயே ஒன்றுசேர்த்துப் பார்த்தார், எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததைக் கண்டு கவலையும் தெரிவித்தார். நன்றாகச் செய்யப்பட்டால் இந்தக் கணக்கு உயிர் காக்கும். மாரடைப்புக்கு ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்த 33 சோதனைகளை 1992-இல் கால வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, 1973-லேயே, அதாவது 8 சோதனைகளும் 2,432 நோயாளிகளும் சேர்ந்த கட்டத்திலேயே, அந்த மருந்து இறப்பைக் குறைப்பது தெளிவாகியிருந்தது தெரிந்தது. அதற்குப் பிறகும் 25 சோதனைகளில் ஆயிரக்கணக்கானோர் அந்த மருந்து இல்லாத பிரிவில் வைக்கப்பட்டனர். ஆகவே இந்த முறையின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் கணக்குக்குள் போகும் ஆய்வுகளின் குறையைக் கணக்கு திருத்துவதில்லை. அந்தக் குறைக்குக் குறுகலான, உறுதியாகத் தோன்றும் ஒரு நம்பிக்கை இடைவெளியை, அதாவது உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய எல்லையைக் கொடுத்து அழகுபடுத்தி வெளியே அனுப்பிவிடுகிறது. ஜான் அயோனிடிஸ் 2016-இல் எழுதிய கட்டுரையில், வெளியாகும் மெட்டா பகுப்பாய்வுகளுள் நேர்த்தியானவையும் மருத்துவத்துக்குப் பயன்படுபவையும் சுமார் 3 சதவீதமே என்று மதிப்பிட்டார். அது அவருடைய மதிப்பீடுதான். ஆனாலும் வாசிப்பவர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்கு அது ஓர் அளவுகோல்.

எங்கள் குழுவில் நாங்கள் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். கட்டுரையின் நடுவில் ஃபாரஸ்ட் பிளாட் என்னும் படம் இருக்கும். அதன் அடியில் எல்லா ஆய்வுகளின் கூட்டு முடிவைக் காட்டும் வைர வடிவம் இருக்கும். அந்த வைரத்தைக் கடைசியில்தான் பார்ப்பது. அதை முதலில் பார்த்துவிட்டால், மற்ற பக்கங்களையெல்லாம் அந்த முடிவுக்குச் சாதகமாகவே மனம் படித்துக்கொண்டு போகும்.

கேள்வியும் திட்டமும்

முதலில், எந்த நோயாளிகளுக்கு, எந்தச் சிகிச்சையை, எதனோடு ஒப்பிட்டு, எந்த விளைவை, எத்தனை காலம் கழித்து அளந்தார்கள் என்பதை உங்கள் சொந்த வார்த்தைகளில் ஒரே வாக்கியமாக எழுதுங்கள். அப்படி எழுத முடியவில்லை என்றால் கட்டுரையின் கேள்வியே தெளிவாக இல்லை என்று பொருள். “உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்குமா” என்பது கேள்வி போலத் தோன்றும்; ஆனால் யோகாசனமும் ஓட்டமும் எடைதூக்குதலும் ஒரே பயிற்சியாகவும், ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தவர்களும் மாத்திரை சாப்பிட்டவர்களும் ஒரே ஒப்பீட்டுப் பிரிவாகவும் அதற்குள் கலந்துவிட்டால், கிடைக்கும் சராசரி எந்த நோயாளிக்கும் உரியதாக இருக்காது.

அடுத்தது, ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே திட்டத்தைப் பதிவு செய்தார்களா என்பது. பிராஸ்பெரோ என்ற பதிவேடு 2011-இல் தொடங்கப்பட்டது. பிரிட்டனின் யார்க் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது, எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். கட்டுரையில் பதிவெண் இருந்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து, முதன்மை விளைவு என்று அங்கே எழுதியிருப்பதும் கட்டுரையில் முதன்மை விளைவு என்று இருப்பதும் ஒன்றுதானா என்று பாருங்கள். பதிவில் இறப்பு என்றிருந்து, கட்டுரையில் மருத்துவமனையில் தங்கிய நாட்கள் முதன்மையாகிவிட்டிருந்தால், அதற்கான காரணத்தைக் கட்டுரை சொல்கிறதா என்று தேடுங்கள். சொல்லாத மாற்றத்தை நான் மன்னிப்பதில்லை.

தேடல்

தேடல் பகுதியைப் பலர் தாண்டிப் போகிறார்கள். ஆனால் ஐந்தே நிமிடத்தில் அதை மதிப்பிடலாம். பப்மெட் என்ற கட்டுரைத் தேடுதளம் ஒன்றில் மட்டும் தேடியிருந்தால் போதாது; எம்பேஸ் போன்ற வேறு தேடுதளங்களையும், ஆய்வுகளை முறைப்படி மீளாய்வு செய்யும் காக்ரேன் அமைப்பின் நூலகத்திலுள்ள சோதனைப் பதிவுகளையும் மருத்துவச் சோதனைப் பதிவேடுகளையும் பார்த்திருக்க வேண்டும். இந்திய நோயாளிகளைப் பற்றிய முடிவு என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007-இல் தொடங்கி இங்கே தில்லியிலிருந்தே நடக்கும் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டைப் பார்த்தார்களா என்று நான் தவறாமல் கேட்பேன். நம் நாட்டில் நடக்கும் மருந்துச் சோதனைகள் 2009 ஜூன் 15 முதல் அதில் கட்டாயமாகப் பதிவாகின்றன. பதிவாகி முடிந்தும் கட்டுரையாக வெளிவராத சோதனை எது என்பதை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும். தேடிய கடைசி நாள், முழுமையாகக் கொடுக்கப்பட்ட தேடல் சொற்கள், இருவர் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தார்களா என்பது, விலக்கிய கட்டுரைகளின் பட்டியலும் காரணமும் ஆகிய நான்கும் இருந்தால் இந்தப் பகுதியில் மேலே செல்லலாம்.

பதிவேடுகளைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனச்சோர்வு மருந்துகள் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்திடம் பதிவான 74 சோதனைகளை 2008-இல் ஒரு குழு எடுத்து, அவை என்ன ஆயின என்று தேடியது. வெளியான கட்டுரைகளை மட்டும் வாசித்தவருக்கு 94 சதவீதச் சோதனைகள் வெற்றி பெற்றதாகத் தோன்றியிருக்கும். கட்டுப்பாட்டு நிறுவனத்தின் கோப்புகளின்படி வெற்றி பெற்றவை 51 சதவீதம்தான். வெளியான கட்டுரைகளை மட்டும் எவ்வளவு நேர்மையாகக் கூட்டினாலும் இந்த இடைவெளி கணக்கில் தெரியவே தெரியாது.

உள்ளே எடுக்கப்பட்ட ஆய்வுகள்

உங்கள் நேரத்தில் பாதியை இங்கே செலவிடுங்கள். சேர்க்கப்பட்ட ஆய்வுகளின் அட்டவணை பெரும்பாலும் கட்டுரையிலேயே இருக்கும், இல்லையென்றால் இணைப்பில் இருக்கும். அதை வரிவரியாகப் படித்து, ஒவ்வோர் ஆய்விலும் நோயாளிகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்களா, அடுத்து வருபவர் எந்தப் பிரிவுக்குப் போவார் என்பது சேர்ப்பவருக்கு முன்கூட்டித் தெரியாமல் மறைக்கப்பட்டதா, விளைவை அளந்தவருக்குச் சிகிச்சை எது என்று தெரிந்திருந்ததா, இடையில் விலகிப்போனவர்கள் எத்தனை பேர், முன்பே அறிவித்த விளைவுகள் எல்லாவற்றையும் வெளியிட்டார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். குலுக்கல் முறைச் சோதனைகளுக்கு 2019-இல் திருத்தி வெளியிடப்பட்ட ராப் 2 என்ற கருவியும், குலுக்கல் இல்லாத ஆய்வுகளுக்கு ராபின்ஸ்-ஐ என்ற கருவியும் இதற்குப் பயன்படுகின்றன. கட்டுரை ஆசிரியர்கள் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தினார்கள் என்பது மட்டும் போதாது. குறைபாடுள்ளவை என்று அவர்களே சிவப்புப் புள்ளி வைத்த ஆய்வுகளை நீக்கிவிட்டுக் கணக்கை மறுபடி போட்டுக் காட்டினார்களா என்பதே முக்கியம். பல கட்டுரைகளில் சிவப்புப் புள்ளிகள் ஒரு பக்கத்தில் வரிசையாக நிற்கும். அடுத்த பக்கத்தில் அவை இல்லாததுபோலவே முடிவு எழுதப்பட்டிருக்கும்.

ஓரிரு ஆய்வுகள் போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் என்ற சிரைவழித் திரவம் நல்ல எடுத்துக்காட்டு. தீவிரச் சிகிச்சை நோயாளிகளுக்கு அதைக் கொடுத்த 38 சோதனைகளின் மெட்டா பகுப்பாய்வு 2013-இல் வெளியானது. எல்லாவற்றையும் சேர்த்தால் இறப்பின் ஒப்பீட்டு அபாயம் 1.07, நம்பிக்கை இடைவெளி 1.00 முதல் 1.14 வரை, அதாவது வித்தியாசமே இல்லை என்பதைக் குறிக்கும் 1-ஐ இடைவெளி தொடுவதால் தீங்கு உறுதியாகவில்லை. முறைகேட்டுக்காகப் பல கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்ட யோவாகிம் போல்ட் என்ற ஜெர்மன் மயக்கவியல் மருத்துவரின் 7 சோதனைகளை, மொத்தம் 590 நோயாளிகளை, நீக்கியதும் அது 1.09 ஆயிற்று, இடைவெளி 1.02 முதல் 1.17 வரை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்ட தரவில் அறுநூறுக்கும் குறைவானவர்கள், ஒரு திரவம் தீங்கானதா இல்லையா என்ற முடிவையே மறைத்து வைத்திருந்தார்கள்.

கோவிட் காலத்தில் இதே பாடத்தை நாம் நம் வீடுகளிலேயே கற்றோம். 2021-இன் ஏப்ரல், மே மாதங்களில் தில்லியில் ஐவர்மெக்டின் மாத்திரை வாங்காத வீடு எங்கள் குடியிருப்பில் குறைவு. அந்த மருந்தைச் சாதகமாகக் காட்டிய மெட்டா பகுப்பாய்வுகளில் பெரும் எடை பெற்றிருந்தது எகிப்தில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆய்வு. சக ஆய்வாளர் மதிப்பீட்டுக்கு உட்படாத முன்வெளியீடு அது. லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் அதன் மூலத் தரவைத் திறந்து பார்த்தபோது, ஒரே பதிவுகள் திரும்பத் திரும்ப ஒட்டப்பட்டிருந்தது தெரிந்தது. 2021 ஜூலையில் அந்த முன்வெளியீடு விலக்கப்பட்டது. அதை உள்ளே வைத்திருந்த ஒரு மெட்டா பகுப்பாய்வும் பின்னர் திரும்பப் பெறப்பட்டு, ஐயத்துக்குரிய ஆய்வுகளை நீக்கி மறுபடி கணக்கிட்டபோது உயிர்காக்கும் பயன் மறைந்துபோனது. எனவே சேர்க்கப்பட்ட ஒவ்வோர் ஆய்வின் தலைப்பையும் பப்மெட்டில் ஒருமுறை இட்டு, திரும்பப் பெறப்பட்டது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆய்வுகளுக்கு அரைமணி நேரம் ஆகும்.

ஒரே நோயாளிகள் இருமுறை எண்ணப்படுவதும் உண்டு. வாந்தியைத் தடுக்கும் ஒண்டான்செட்ரான் பற்றிய சோதனைகளை 1997-இல் ஆராய்ந்தவர்கள், வெவ்வேறு ஆசிரியர் பெயர்களில் வெவ்வேறு இதழ்களில் ஒரே நோயாளிகள் மறுபடி மறுபடி வெளியாகியிருந்ததைக் கண்டார்கள். அந்த இரட்டிப்புகளைத் தெரியாமல் சேர்த்தால் மருந்தின் திறன் 23 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஒரே நகரம், ஒரே ஆண்டுகள், ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை என்று இரண்டு வரிகள் அட்டவணையில் இருந்தால் நிறுத்திப் பாருங்கள்.

இனி, எண்களைச் சரிபார்த்தல். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள்; நான் இரண்டு சோறு எடுக்கச் சொல்வேன். அதிக எடை பெற்ற ஆய்வு ஒன்றையும் அதிக பயன் காட்டும் ஆய்வு ஒன்றையும் தேர்ந்து, மூலக் கட்டுரைகளைத் திறந்து, மெட்டா பகுப்பாய்வில் இருக்கும் எண்களோடு ஒப்பிடுங்கள். 2007-இல் 27 மெட்டா பகுப்பாய்வுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு சோதனைகளை மட்டும் இப்படி மறுபடி கணக்கிட்டுப் பார்த்த ஒரு குழுவுக்கு, அவற்றில் 10-இல் எண்கள் ஒத்துவரவில்லை. அடிக்கடி நேரும் தவறு, திட்டப் பிழையைத் திட்ட விலக்கம் என்று எடுத்துக்கொள்வது. முன்னது சராசரியின் நிச்சயமின்மை, பின்னது ஆட்களுக்கிடையே உள்ள பரவல். நூறு பேர் கொண்ட பிரிவில் திட்ட விலக்கம் 10 என்றால் திட்டப் பிழை 1. இரு பிரிவுகளுக்கும் இடையே 2 புள்ளி வித்தியாசம் இருந்தால், விளைவின் அளவு (வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) சரியான கணக்கில் 0.2, தவறான கணக்கில் 2.0. மற்ற ஆய்வுகளெல்லாம் 0.1-க்கும் 0.5-க்கும் இடையே நிற்க, ஒன்று மட்டும் 2-ஐத் தொடுகிறது என்றால், அந்தச் சிகிச்சை அற்புதமானது என்று நினைப்பதற்கு முன் இந்தத் தவறைச் சந்தேகியுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் இதே தவறைச் செய்தேன். வரைவு மூன்று பேர் கையைத் தாண்டிய பிறகுதான் நான்காமவர் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எண் எடுக்கும் வேலையை இருவர் தனித்தனியே செய்யாத எந்த ஆய்வையும் நான் முழு மனதோடு நம்புவதில்லை.

ஃபாரஸ்ட் பிளாட்

இப்போது படத்துக்கு வரலாம். ஒவ்வொரு வரியும் ஓர் ஆய்வு. சதுரம் அந்த ஆய்வின் மதிப்பீடு, சதுரத்தின் பருமன் அதற்குக் கொடுத்த எடை, கிடைக்கோடு நம்பிக்கை இடைவெளி. நடுவே நிற்கும் செங்குத்துக் கோடு, விகிதமாக இருந்தால் 1-ஐயும் வித்தியாசமாக இருந்தால் 0-ஐயும், அதாவது பயன் ஏதும் இல்லை என்பதைக் குறிக்கும். படத்தின் வலப்புறம் எடை சதவீதமாகக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த நெடுவரிசையை முதலில் படியுங்கள். பாதிக்கு மேற்பட்ட எடை ஒரே ஆய்வில் இருந்தால், நீங்கள் வாசிப்பது பெரும்பாலும் அந்த ஓர் ஆய்வைத்தான்.

குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ கொடுப்பது பற்றிய வரலாற்றை எங்கள் குழுவில் புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். அதில் நம் ஊரும் வருகிறது, தில்லிக்குப் பக்கத்து மாநிலமும் வருகிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளிடம் நடந்து 1990-இல் வெளியான சோதனையில், வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளின் இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. அதுவும் மற்ற நாட்டுச் சோதனைகளும் சேர்ந்த 2011-ஆம் ஆண்டு மெட்டா பகுப்பாய்வு, இறப்பு 24 சதவீதம் குறைவதாகச் சொன்னது. உத்தரப் பிரதேசத்தில் அங்கன்வாடிகள் வழியாகப் பத்து லட்சம் குழந்தைகளை உள்ளடக்கி 1999-இல் தொடங்கிய டெவ்டா சோதனையின் முடிவு 2013-இல்தான் வெளியானது. அதில் மருந்து பெற்ற பிரிவின் இறப்பு மற்றப் பிரிவினுடையதைப் போல 0.96 மடங்கு, குறைவு ஏதும் உறுதியாகவில்லை. அதைச் சேர்த்த 2017-ஆம் ஆண்டு காக்ரேன் மீளாய்வில் 24 சதவீதம் 12 ஆயிற்று.

இங்கே எந்த எண் சரி என்று கேட்காதீர்கள். எண் ஏன் மாறியது என்று கேளுங்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே உண்மையான பயனையே அளக்கின்றன என்று கொள்ளும் நிலைவிளைவு முறையில், டெவ்டா போன்ற பேராய்வு எடையில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். இடத்துக்கு இடம் உண்மையான பயனே மாறும் என்று கொள்ளும் மாறுவிளைவு முறையில், சிறிய ஆய்வுகளின் குரல் உயரும், பயனும் பெரிதாகத் தெரியும். மாறுவிளைவு முறைதான் எப்போதும் பாதுகாப்பானது என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு வருபவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். சிறிய ஆய்வுகள்தான் குறைபாடுள்ளவை என்றால், அந்த முறை குறைபாட்டுக்குக் கூடுதல் எடை கொடுக்கிறது. அதே நேரத்தில் டெவ்டாவைப் பற்றியும் விமர்சனம் எழுந்தது: அறிவிக்கப்பட்ட அளவுக்குக் குழந்தைகளின் வாயில் மருந்து உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்று அனுபவமிக்க ஆய்வாளர்கள் கேட்டார்கள். திருச்சியில் வாரந்தோறும் சிறு அளவு, உத்தரப் பிரதேசத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவு. இவை இரண்டும் ஒரே சிகிச்சைதானா என்ற கேள்விக்குப் புள்ளியியலில் விடை இல்லை. மருத்துவ அறிவைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். நல்ல மெட்டா பகுப்பாய்வு இரண்டு முறைகளிலும் கணக்கிட்டு, முடிவு வேறுபட்டால் அதை மறைக்காமல் சொல்லும்.

ஆய்வுகள் ஒத்துப்போகாதபோது

ஆய்வுகளுக்கிடையே காணும் வேறுபாட்டில் எத்தனை சதவீதம் தற்செயலுக்கு அப்பாற்பட்டது என்பதை ஐ ஸ்கொயர் என்ற எண் சொல்கிறது. 2002-இல் ஹிக்கின்ஸும் தாம்சனும் அதை முன்வைத்தார்கள். 25 குறைவு, 50 நடுத்தரம், 75 அதிகம் என்று மனப்பாடம் செய்து நிறுத்திக்கொள்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: மிகப் பெரிய ஆய்வுகளாக இருந்தால் சிறு வேறுபாட்டுக்கும் இந்த எண் 90-ஐத் தாண்டும், மிகச் சிறிய ஆய்வுகளாக இருந்தால் பெரிய வேறுபாடும் 0 என்றே காட்டும். எனவே எண்ணை ஒதுக்கி வைத்து, கிடைக்கோடுகள் ஒன்றன் மேல் ஒன்று படிகின்றனவா என்று முதலில் கண்ணால் பாருங்கள். பிறகு, புதிய ஓர் ஊரில் அதே சோதனையை நடத்தினால் பயன் எந்த எல்லைக்குள் இருக்கும் என்று சொல்லும் முன்கணிப்பு இடைவெளியைக் கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். வைரம் முழுவதும் பயன் பக்கத்தில் இருந்தாலும் இந்த இடைவெளி கோட்டைத் தாண்டினால், சராசரியாகப் பயன் உண்டு, உங்கள் ஊரில் இல்லாமலும் போகலாம் என்று பொருள்.

அந்த நிலை வெறும் கற்பனை அன்று, செங்கல்பட்டில் நடந்தது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றி 1994-இல் வந்த மெட்டா பகுப்பாய்வு, 13 சோதனைகளைச் சேர்த்து ஏறத்தாழ 50 சதவீதப் பாதுகாப்பு என்றது. ஆனால் பிரிட்டனில் அந்தப் பாதுகாப்பு முக்கால் பங்குக்கும் மேல். 1968-இல் தொடங்கிய செங்கல்பட்டுச் சோதனையிலோ ஒன்றுமே இல்லை. ‘பாதி’ என்ற சராசரி இருவருக்கும் பொருந்தாது. ஆசிரியர்கள் சராசரியோடு நிற்காமல், சோதனை நடந்த இடம் நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது வேறுபாட்டில் 41 சதவீதத்தை விளக்குவதாகக் காட்டினார்கள். நிலநடுக்கோடு தடுப்பூசியை என்ன செய்யும்? வெப்பநாடுகளின் மண்ணிலும் நீரிலும் உள்ள வேறு மைக்கோபாக்டீரியாக்களோடு உடல் முன்பே பழகியிருப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஊசி போடுவதற்கு முன் தொற்று இல்லாதவர்களை எவ்வளவு கண்டிப்பாகப் பிரித்தெடுத்தார்கள் என்பதும் முக்கியம் என்று பின்வந்த மீளாய்வுகள் சுட்டின. வேறுபாட்டைக் குறையாகக் கருதி ஒதுக்காமல், அதையே கேள்வியாக எடுத்துக்கொண்ட ஆய்வு இது.

இதற்கு நேர்மாறான ஆபத்து, ஆண்கள், பெண்கள், முதியோர், நீரிழிவு உள்ளோர் என்று துணைப்பிரிவுகளாக வெட்டிக்கொண்டே போவது. 1988-இல் வெளியான ஐசிஸ்-2 சோதனையில் 17,187 மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள், ஆஸ்பிரின் தெளிவாக உயிர் காத்தது. துணைப்பிரிவுகளை நம்பக்கூடாது என்று காட்டுவதற்காகவே ஆசிரியர்கள் மேலைநாட்டு ராசிப்படி நோயாளிகளைப் பிரித்தார்கள். மிதுனத்துக்கும் துலாத்துக்கும் ஆஸ்பிரின் சற்றுப் பாதகமாகத் தெரிந்தது! முன்கூட்டியே திட்டத்தில் அறிவிக்கப்பட்ட, உடலியல் காரணம் சொல்லக்கூடிய, எண்ணிக்கையில் மிகச் சிலவான துணைப்பிரிவுகளை மட்டுமே மதியுங்கள்.

வராமல் போனவை

ஃபனல் பிளாட் என்ற புனல் வடிவப் படத்தில், சிறிய ஆய்வுகள் அடியில் இருபுறமும் பரவி, பெரியவை உச்சியில் குவிய வேண்டும். அடியில் ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தால், பயனில்லை என்று கண்ட சிறிய ஆய்வுகள் வெளிவராமல் போயிருக்கலாம். பத்துக்கும் குறைவான ஆய்வுகள் இருக்கும்போது இந்தப் படத்துக்கும், அதன் சமச்சீரின்மையை எண்ணால் சோதிக்கும் எக்கர் சோதனைக்கும் பெரிதாகப் பொருள் இல்லை. ஆறு ஆய்வுகளை வைத்துக்கொண்டு ‘வெளியீட்டுச் சாய்வு இல்லை’ என்று எழுதும் கட்டுரை, தன்னால் அறிய முடியாததை அறிந்ததாகச் சொல்கிறது.

மாரடைப்புக்கு மெக்னீசியம் கொடுப்பது பற்றி 1991-இல் 7 சிறு சோதனைகளும் 1,301 நோயாளிகளும் கொண்ட மெட்டா பகுப்பாய்வு, இறப்பு வாய்ப்பு 55 சதவீதம் குறைவதாகச் சொன்னது. 1995-இல் 58,050 நோயாளிகளோடு ஐசிஸ்-4 வெளியானபோது பயன் எதுவும் இல்லை. சிறிய ஆய்வுகளிலிருந்து பெரிய பயன் வந்தால், நம் விருப்பத்துக்கேற்ப வாசிக்காமல் ஒரு பெரிய சோதனைக்காகக் காத்திருப்பதே நேர்மை.

உறுதியை அளத்தல்

பிரிஸ்மா என்ற 27 அம்சப் பட்டியல் (2020-இல் திருத்தப்பட்டது) கட்டுரையில் எவற்றையெல்லாம் எழுத வேண்டும் என்று சொல்கிறதே தவிர, ஆய்வு நன்றாகச் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்று ஆகாது. இந்த இரண்டையும் குழப்புவது எங்கள் குழுவிலேயே அடிக்கடி நடக்கிறது. தரத்தை மதிப்பிட 2017-இல் வெளியான ஆம்ஸ்டார் 2-ஐப் பயன்படுத்துங்கள். அதில் 16 கேள்விகள் உள்ளன, அவற்றில் 7 உயிர்நாடியானவை. ‘ஆம்’ என்ற விடைகளைக் கூட்டி 16-க்கு 12 என்று மதிப்பெண் போடக்கூடாது என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள். உயிர்நாடியான கேள்வி ஒன்றில் தவறினாலே மதிப்பீடு ‘குறைவு’ நிலைக்கு இறங்கும்.

முடிவின் மேல் எவ்வளவு உறுதி வைக்கலாம் என்பதைக் கிரேடு முறையில் உயர்ந்தது, நடுத்தரம், குறைவு, மிகக் குறைவு என்று நான்கு படிகளில் எழுதுவார்கள். படி இறக்கப்பட்டிருந்தால் ஆய்வுகளின் குறைபாடு, ஒத்துப்போகாமை, நேரடிப் பொருத்தமின்மை, இடைவெளியின் அகலம், வெளியீட்டுச் சாய்வு ஆகிய ஐந்தில் எதற்காக என்று பாருங்கள். பிறகு சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள். ‘25 சதவீதம் குறைகிறது’ என்பது நூற்றுக்கு 4 பேர் 3 பேராவதையும் குறிக்கும், பத்தாயிரத்துக்கு 4 பேர் 3 பேராவதையும் குறிக்கும். முதலாவதில் நூறு பேருக்கு மருந்து கொடுத்தால் ஒருவர் பயனடைவார். இரண்டாவதில் பத்தாயிரம் பேர் மருந்தின் விலையையும் பக்கவிளைவையும் சுமக்க வேண்டும். வாசிப்புக்கு வரும் செவிலியர் அக்கா ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார், “எத்தனை பேருக்குக் கொடுத்தால் ஒருத்தர் பிழைப்பாங்க?” என்று. அதற்கு விடை தராத கட்டுரையை நாங்கள் இணைப்புப் பக்கங்கள் வரை தேடுவோம்.

பணம் யாருடையது என்பதை மெட்டா பகுப்பாய்வின் ஆசிரியர்களுக்கு மட்டும் பார்த்தால் போதாது. சேர்க்கப்பட்ட ஒவ்வொரு சோதனைக்கும் யார் செலவிட்டார்கள் என்பதையும் அவர்கள் எழுதியிருக்க வேண்டும், ஆம்ஸ்டார் 2-இல் அதற்கென்றே ஒரு கேள்வி உண்டு. தேடல் முடிந்த நாளுக்குப் பிறகு பெரிய சோதனை ஏதாவது வெளியாகியிருக்கிறதா என்று பப்மெட்டிலும் பதிவேடுகளிலும் நீங்களே ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு, நீங்கள் தொடக்கத்தில் எழுதிய ஒற்றை வாக்கியத்தின் கீழே, எந்த நோயாளிகளுக்கு இது பொருந்தும், எந்த ஆய்வை நீக்கினால் முடிவு மாறுகிறது, எந்தத் தேதி வரைக்குமான முடிவு இது என்று மூன்று வரிகளை எழுதி வைத்துவிட்டு, படத்தின் அடிக்குப் போய் வைரத்தைப் பாருங்கள்.